தொடைக்காம வச்ச கத்தி

தாராளமா பாருங்க அண்ணாச்சி. ஏறி உக்காந்ததுலேருந்து ஓரக்கண்ணாலயே பாத்துட்டு வாரீய, கழுத்துதான் சுளுக்கிக்கிடும். இந்தா, நானே திரும்பிக் காட்டுதேன். இடது கன்னம் வழுவழுன்னு இருக்கா? இப்போ இந்தப் பக்கம் பாருங்க. வலது கன்னத்துல தாடி அப்படியே கெடக்கா? காதோரமா சோப்பு நுரை கூட காஞ்சு ஒட்டியிருக்கும். போதுமா?

வேண்டுதல் எல்லாம் இல்ல. பந்தயத்துலயும் தோக்கல. கிறுக்கும் பிடிக்கல, இது வரைக்கும். பாதிச் சவரத்துல ஒரு மனுசன் என்னைய எந்திரிக்கச் சொல்லிட்டாரு. திருநெல்வேலியில, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சலூன்ல, இந்த பஸ் ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். காசு வேண்டாம், போங்கன்னுட்டாரு. நான் என்ன அவரு கல்லாவுல கைய வச்சேனா? கன்ஸ்யூமர் கோர்ட்டுல போட்டா நிக்கும் அண்ணாச்சி. சேவைக் குறைபாடு. ஆதாரத்துக்கு எங்கயும் அலைய வேண்டாம், மூஞ்சியிலயே இருக்கு.

ஆமா, லா காலேஜ்தான். எப்படிக் கண்டுபிடிச்சீய? பேச்சுலயா? எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க.

என் பேரு இளம்பரிதி. ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். பக்கம்னா பக்கம்தான். என்னது? எந்தத் தெருவா? பாத்தீயளா, வந்துட்டீயளா அந்தக் கேள்விக்கு? பேரக் கேப்பாங்க, ஊரக் கேப்பாங்க, தெருவக் கேப்பாங்க, அப்புறம் "ஓ, நம்ம ஆளுதானா"ம்பாங்க, இல்லாட்டி "ஓ"வோட நிறுத்திக்கிடுவாங்க. நான் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீய. எங்க அப்பா கருப்புச் சட்டைக்காரரு. எங்க வீட்டுல சாமி படமும் கெடையாது, சாதிப் பேச்சும் கெடையாது. இந்தக் கேள்விக்கு பதில் சொல்லக் கூடாதுங்கிறது எனக்கு ஒரு கொள்கை. உயிர் போனாலும் சொல்லமாட்டேன்.

நாகர்கோவிலுக்குத்தான் போறேன். ஒருத்தன்ட்ட மன்னிப்புக் கேக்கதுக்கு. சிரிக்காதீய. எங்க காலேஜ்ல கேட்டுப் பாருங்க, இளம்பரிதி மன்னிப்புக் கேக்கப் போறான்னா ஒருத்தன் நம்பமாட்டான். பிரின்சிபால்ட்டயே கேட்டதில்ல. ஆனா இது கேட்டாகணும். வெக்கமா இருக்கு அண்ணாச்சி. நெசமாவே வெக்கமா இருக்கு. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு, சோறு எறங்கமாட்டேங்கு.

மடியில வச்சிருக்கேனே இந்தப் பொட்டலம், அதுக்குள்ள இருக்கு அந்த வெக்கம். கத்தி.

ஐய, பதறாதீய! சவரக்கத்தி. மடக்குறது. பாருங்க, வெள்ளெலும்புக் கலர்ல கைப்பிடி. தொடாதீய, கூர்ப் பக்கம் கை வைக்காதீய. இப்போ அது ஒண்ணும் வெட்டாது, இருந்தாலும்.

இது உச்சிமாகாளியோடது. உச்சிமாகாளி என் ரூம்மேட்டு. நாங்க மாகாளிம்போம். மொத வருசத்துலேருந்து ஒரே ரூமு. நான் வாயத் தொறந்தா மூடமாட்டேன், அவன் தொறக்கவே மாட்டான். அதனாலயே எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு. அவன் ஹாஸ்டல விட்டுட்டு இப்போ நாகர்கோவில்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் பண்ணுதான். போனவன் என்ட்ட ஒரு வார்த்தை சொல்லல. எல்லாம் இந்தக் கத்தியால வந்தது. நான் இதத் தொடைக்காம வச்சிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

சவரக்கத்திய தொடைக்கிறதுல என்ன இருக்குன்னுதானே பாக்கீய? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

மாகாளிக்கு இந்த பிளாஸ்டிக் ரேசர் ஒத்துக்கிடாது. கழுத்தெல்லாம் கட்டி கட்டியா எந்திரிச்சுரும். அதனால இந்தக் கத்திதான். விடியக் காலம் எல்லாரும் கொறட்ட விட்டுட்டு இருக்கும்போது கடைசி பாத்ரூமுக்குப் போயி தாழ்ப்பாள் போட்டுக்கிடுவான். ஒருநாள் எனக்கு வயித்தக் கலக்கி ஓடுனப்போ அந்தக் கதவுதான் ஆப்புட்டது. தட்டுன தட்டுல தொறந்துட்டான். கையில கத்தி, பாதி மூஞ்சி நுரை. பேயறைஞ்ச மாதிரி நின்னான். "ஏல, இது என்னல, அந்தக் காலத்து ராசா மாதிரி"ன்னேன். "அப்பா கடையில பழசு சும்மா கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்"னான். "அப்பா என்ன கடை?"ன்னேன். கதவுப் பக்கம் ஒரு தடவ பாத்துட்டு, "சலூன்"னான். சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊரு. இப்போ எல்லாக் கடையிலயும் பிளேடு மாத்துற கத்திதானே, இதுக்கு அங்க வேலை இல்ல.

அப்புறம், "யார்ட்டயும் சொல்லிராத"ன்னான். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கத்தி கித்தி வச்சிருந்தா வார்டன் பறிமுதல் பண்ணிருவாரு, அந்தப் பயம் போலன்னு நெனச்சேன். "வார்டன் கெடக்கான், நான் பாத்துக்கிடுதேன்"னு சொன்னேன்.

அவன் சவரம் பண்ணுற நேரத்த விட, முடிச்சிட்டு கத்தியப் பாக்குற நேரம் ஜாஸ்தி அண்ணாச்சி. மொதல்ல பச்சத் தண்ணியில அலசுவான். ஒரு முடி, ஒரு நுரை இருக்கக் கூடாது. அப்புறம் பழைய வேட்டித் துணி, நைஞ்சு நைஞ்சு பூ மாதிரி ஆயிருக்கும்லா, அதுல தொடைப்பான். கத்தியோட முதுகுலேருந்து கூரப் பாத்து வரணும். கூரு மேலயே நீளவாக்குல இழுத்தா துணியும் போச்சு, கூரும் போச்சு. இந்தா, இந்த மடிப்பு இருக்கே, கைப்பிடி சேருற இடம், அங்க ஒரு சொட்டுத் தண்ணி நின்னாலும் கத்திக்கு எமன். துணிய முறுக்கி அதுக்குள்ள விட்டு எடுப்பான். அப்புறம் உள்ளங்கையில தீட்டுவான். இப்படி, முதுகு முன்னால போக, கூரு பின்னால வர. போயி, திருப்பி, வந்து. சத்தமே வராது. அப்புறம் தேங்கா எண்ணெய விரல்ல தொட்டு தடவுவான், பிள்ளைக்குத் தடவுற மாதிரி. ஒடனே மடக்கிரவும் மாட்டான். ஜன்னல்ல விரிச்சு வச்சிட்டு, காயிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பான். யாரும் வாராங்களான்னு கதவப் பாத்துட்டே நிப்பான்.

கதவ எதுக்குப் பாத்தான்னு நான் யோசிச்சதில்ல. வார்டன்னுதான்.

எனக்கு ஒரு மூட் கோர்ட் போட்டி வந்துச்சு. கோர்ட்டுல வாதாடுற மாதிரியே காலேஜ்ல வைக்கிற போட்டி. என் மூஞ்சியில அப்போ பரு. ரேசர் வச்சா ரத்தம். "ஏல மாகாளி, நீதான் எடுத்து விடணும்"னேன். மொதல்ல மாட்டேன்னான். "நம்மளுக்குள்ள என்னல?"ன்னேன். செஞ்சு விட்டான். என்ன கை அண்ணாச்சி அது! மூஞ்சியில கத்தி இருக்கிறதே தெரியாது. போட்டியில ஜெயிச்சிட்டேன்லா.

அதுக்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் அவனே செஞ்சு விடுவான். அவனாத்தான். சரி, நான்தான் எழுப்புவேன். ஆனா ஒரு நாளும் கட்டாயப்படுத்துனதில்ல. எழுப்புவேன், எந்திரிப்பான், அவ்வளவுதான். நண்பனுக்கு நண்பன் செய்யிறது. எனக்கு அதுல ஒரு பெருமை. எத்தன பேரு சமத்துவம் சமத்துவம்னு வாயில மட்டும் பேசுதான்? நான் என் கழுத்தையே அவன் கையில குடுத்திருக்கேன்லா? அப்படி நெனப்பேன், கண்ண மூடிக்கிட்டு.

கத்தியத் தொடைக்கிற சோலி? அது அவன்தான். எப்பவும் அவன்தான். நான் எந்திரிச்சு மூஞ்சியக் கழுவிட்டுப் போயிருவேன்.

நாங்குநேரி வந்துட்டா? அதுக்குள்ளயா? தண்ணி குடிக்கீயளா அண்ணாச்சி? வேண்டாமா. சரி.

இப்போ சம்பவத்துக்கு வாரேன். எங்க ஹாஸ்டலுக்கு ஞாயித்துக்கிழமை முடி வெட்ட ஒரு பெரியவரு வருவாரு. மெஸ்ஸுல எங்களுக்கெல்லாம் ஸ்டீல் டம்ளர்ல டீ. அவருக்கு மட்டும் பேப்பர் கப்பு. ரொம்ப நாளா அப்படித்தான் நடந்திருக்கு, நான் கவனிச்சதில்ல. அன்னிக்கு காலையில மாகாளி எனக்கு சவரம் பண்ணி விட்டுட்டு, "கத்திய அப்படியே வச்சிரு, நான் சாப்பிட்டு வந்து தொடைக்கேன்"னு மெஸ்ஸுக்குப் போயிட்டான். தாடையில ஒரு இடம் சொரசொரன்னு இருந்துச்சு. கண்ணாடியப் பாத்து நானே கொஞ்சம் இழுத்துட்டு இருக்கேன். அப்போ கீழ மெஸ்ஸுல சத்தம். பெரியவரு தெரியாத்தனமா ஒரு ஸ்டீல் டம்ளர எடுத்துட்டாராம். எவனோ ஒருத்தன், "யோவ், அத வைய்யா கீழ"ங்கான். அவரு வயசு என்ன, இவன் வயசு என்ன!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கட்டுன கைலியோட, கையில கத்தியோட, தாடையில நுரையோட அப்படியே எறங்கி ஓடிட்டேன். பெஞ்சு மேல ஏறிட்டேன். அரசியல் சட்டத்துல பதினேழாவது பிரிவு என்னன்னு கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல, லா படிக்கானுவ. தீண்டாமைய ஒழிச்சாச்சுன்னு எழுதியிருக்குல, உங்க மெஸ்ஸுக்கு மட்டும் அது வந்து சேரலையான்னு கேட்டேன். அப்புறம் இந்தக் கத்தியத் தூக்கிக் காட்டினேன்.

"ஏல, இது யாரு கத்தின்னு தெரியுமா? உங்க கூட ஒண்ணா உக்காந்து இட்லி திங்கானே உச்சிமாகாளி, அவங்க அப்பாவோட கத்தி! இந்தக் கன்னத்த காலையில எடுத்துவிட்டது யாருன்னு தெரியுமா? இந்தா இருக்கானே, இந்தக் கைதான்! அவன் கை என் மூஞ்சியில படலாம், பெரியவரு வாயி உங்க டம்ளர்ல படக் கூடாதோ?"

கை தட்டல் அண்ணாச்சி. மெஸ்ஸு பூரா. விசில் வேற. சமையல்கார அண்ணன் கூட கரண்டியால தட்டுனாரு. நான் பேசுனதுலயே அதுதான் நல்ல பேச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. அடுத்த வாரத்துலேருந்து எல்லாருக்கும் ஸ்டீல் டம்ளர்தான்னு வார்டனே சொல்லிட்டாரு. ஜெயிச்சோம்லா?

பெரியவரா? அவரு அன்னிக்கு டீ குடிக்கல. சாமான எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. பொறவு வரதில்ல. டம்ளர் இருக்கு. குடிக்கதுக்கு ஆளு இல்ல.

அந்த ஆரவாரத்துல கைய கழுவப் போனேன், கத்திய அங்கன குழாய்க்குக் கீழ வச்சேன். பயலுவ வந்து தோள்ல தட்டுதானுவ, தூக்குதானுவ. மறந்துட்டேன். அதுதான் அண்ணாச்சி என் தப்பு. மறுநாள்தான் ஞாபகம் வந்து ஓடுனேன். அது ஒழுகுற குழாய். ராப் பகலா சொட்டு சொட்டா கத்தி மேலயே விழுந்திருக்கு. கூரு பூரா செம்புள்ளி, மடிப்புல கறுப்பு.

அந்த ஒரு நாளுக்குள்ளயே ஹாஸ்டல்ல சில பயலுவ சேட்டைய ஆரம்பிச்சிட்டானுவ. "மாகாளி, சாயங்காலம் சும்மாத்தான இருக்க? கிருதாவ மட்டும் எறக்கி விடேன்"னு ஒருத்தன். மாகாளி கட்டில்ல ஒரு துண்டும் ஒரு சீப்பும் வச்சிட்டுப் போயிருக்கான் இன்னொருத்தன். மெஸ்ஸுல அவன் உக்காந்த பெஞ்சுல எடம் கெடந்தும் ரெண்டு பேரு தள்ளிப் போயி உக்காந்தானுவ. நான் விடுவேனா? வராண்டாவுல வச்சு ஒருத்தன் சட்டையப் பிடிச்சிட்டேன். "அவன் உங்களுக்கு ஊழியம் பாக்க வந்தவனால? அவன் அப்பா பண்ணுற தொழில அவனும் பண்ணணும்னு எவன்ல எழுதி வச்சது?"ன்னு மூணாவது மாடி வரைக்கும் கேக்க கத்துனேன். எல்லா ரூமும் தொறந்துட்டு. எல்லாரும் வந்து பாத்தாங்க. முதல் வருசப் பயலுவ வரைக்கும். மாகாளிக்காக நான் அப்படி நின்னேன் அண்ணாச்சி. அந்த விசயத்துல என் மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது.

கத்திய ரூமுக்குக் கொண்டு போனேன். மாகாளி வாங்கிப் பாத்தான். வேட்டித் துணிய எடுத்தான், தொடைச்சான். உள்ளங்கையில வச்சான். தீட்டப் போனவன் தீட்டல. "தொடைச்சு வச்சிருக்கலாம்லா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். கத்திய என் மேசையில வச்சிட்டு, பெட்டிய எடுத்து துணிய அடுக்க ஆரம்பிச்சிட்டான். மறுநாள் கட்டில் காலி.

ஒரு கத்திக்காக இப்படியா ஒருத்தன் போவான்? அப்போ அது எவ்வளவு பெரிய பொருளா அவனுக்கு இருந்திருக்கும்! அத நெனச்சா என்னையவே செருப்பால அடிக்கணும் போல இருக்கு. நானும் சும்மா இருக்கல. பேஸ்ட்டு போட்டுத் தேச்சேன். எலுமிச்சம்பழம் போட்டேன். கடைசியில உப்புத்தாள் வாங்கிட்டு வந்து, கதவு தேப்பாங்கள்லா அந்தத் தாளு, தேய் தேய்னு தேச்சேன். துரு போச்சு. பளபளன்னு ஆச்சு. முடிய வச்சு இழுத்தா வெட்டமாட்டேங்கு. கூரே இல்ல. இருந்த கொஞ்சத்தையும் நானே தேச்சுப் போட்டுட்டேன்.

மாகாளிக்கு வாட்ஸ்அப்ல போட்டேன், நேர்ல கொண்டு வந்து தாரேன்னு. "வராத. பார்சல்ல போடு"ன்னான். கோவம். நியாயமான கோவம். நான் விடல. "ஆபீஸுக்கே வாரேன். உங்க சீனியர் வக்கீல், குமாஸ்தா, எல்லாரு முன்னாடியும் கத்திய உன் கையில குடுத்து மன்னிப்புக் கேக்கேன். எல்லாரு முன்னாடியும் பேசுனவன் எல்லாரு முன்னாடியும்தான் மன்னிப்புக் கேக்கணும். என்ன சொல்லணுமோ சொல்லு, என்ன பேசணுமோ பேசு"ன்னு போட்டேன். அப்புறம், "எந்த பஸ்ஸு?"ன்னு கேட்டான். பாத்தீயளா, எளகிட்டான்லா? ஏறுனதும் சொல்லிட்டேன்.

சலூன் கதை பாதியில நிக்குல்லா. ஆபீஸுக்குப் போறோமே, மூஞ்சி திருத்தமா இருக்கட்டும், கத்தியவும் ஒருத்தர்ட்ட காட்டுவோம்னு ரெண்டு யோசனையில நொழைஞ்சேன். அந்த அண்ணன் நல்லாத்தான் பேசினாரு. கத்திய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. "தம்பி, உப்புத்தாள் போட்டீயளா?"ன்னாரு. ஆமான்னேன். தலையில அடிச்சுக்கிட்டாரு. "கல்லுல போட்டு எடுத்தா கூரு வரும். ஒரு நாளு ஆகும்"னாரு. நேரமில்ல, மொதல்ல சவரம் பண்ணுங்கன்னேன். நுரை போட்டாரு, இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சாரு. "யாரு கத்தி, இவ்வளவு நல்ல இரும்பு?"ன்னு கேட்டாரு. நான் சொல்ல ஆரம்பிச்சேன்.

உங்கட்ட சொன்ன மாதிரியேதான் சொன்னேன். பேப்பர் கப்பு, பெஞ்சு, பேச்சு, கை தட்டல் எல்லாம். கை தட்டல் வந்ததும் சந்தோசப்படுவாருன்னு பாக்கேன், அவரு கண்ணாடியில என்னையப் பாத்துட்டு நிக்காரு. கை நின்னு போச்சு.

"அந்தப் பையன் அங்க இருந்தானா?"

"இருந்தான்ணே. பக்கத்துலதான்."

"அவன்ட்ட கேட்டீயளா, சொல்லலாமான்னு?"

"இதுல கேக்கதுக்கு என்னண்ணே இருக்கு? பெருமையாத்தானே சொன்னேன்."

"இப்போ எங்க போறீய?"

"அவன் ஆபீஸுக்கு. எல்லாரு முன்னாடியும் குடுத்து மன்னிப்புக் கேக்கணும்."

அவ்வளவுதான் அண்ணாச்சி. பிளேடக் கழட்டி டப்பாவுல போட்டாரு. என் கழுத்துல கெடந்த துண்ட உருவுனாரு. "எந்திரிங்க தம்பி. மிச்சத்த வேற எங்கயாவது பாத்துக்கிடுங்க"ங்காரு. "உங்களுக்காகத்தாண்ணே நான் பேசுனேன்! உங்க ஆளுகளுக்காகத்தானே!"ன்னு கத்தினேன். கடையில இன்னும் ரெண்டு பேரு காத்துட்டு இருந்தாங்க, அவங்களப் பாத்தும் சொன்னேன். அவரு கதவத் தொறந்து பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா?

"எம் மவனும் காலேஜ்லதான் படிக்கான்"னாரு.

இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அவரு மவன் எங்க படிச்சா எனக்கென்ன? அப்போ புடிச்ச எரிச்சல், வள்ளியூர் தாண்டியும் போகல. இதுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் உங்க காதப் புடிச்சு இழுத்துட்டு வாரேன். நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.

ஏன் பேசாம வாரீய? கரண்டு எடுக்குற காத்தாடியப் பாக்கீயளா? ஆரல்வாய்மொழி வந்தா எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. என்னமாச்சும் சொல்லுங்க அண்ணாச்சி.

என்னது?

அந்த வக்கீல் ஆபீஸ்ல, மாகாளி வீட்டுத் தொழில் என்னன்னு யாருக்காவது தெரியுமான்னா?

தெரியாது. அவன் எங்க சொல்லப் போறான். எங்க ஹாஸ்டல்லயே மூணு வருசமா…

இல்ல, தெரிஞ்சாத்தான் என்னங்கேன்? இதுல மறைக்கதுக்கு என்ன இருக்கு? திருட்டா, கொலையா? ஒளிச்சு ஒளிச்சு வைக்கதுனாலதான் அண்ணாச்சி இதெல்லாம் இன்னும்…

இருங்க. ஒரு நிமிசம் இருங்க.

நீங்க தெருவக் கேட்டப்போ நான் என்ன சொன்னேன்?

உயிர் போனாலும் சொல்லமாட்டேன்னேன். கொள்கைன்னேன். உங்களையும் நாலு வார்த்தை சொன்னேன். எனக்கு மரியாதை வாயத் தொறக்காமலே கெடைக்கு. எங்க வீட்டத் தெரிஞ்சா எவனும் பெஞ்சுல தள்ளி உக்காரமாட்டான், எவனும் என் கட்டில்ல சீப்ப வைக்கமாட்டான். அதனால நான் சொல்லாம இருக்கது கொள்கை. அவன் சொல்லாம இருந்தா…

என்னோடத மூடி வச்சுக்கிட்டேன். அவனோடதப் பெஞ்சு மேல ஏறிச் சொன்னேன்.

இப்போ ஆபீஸுக்குப் போயி…

சலூன் அண்ணன் மவனும் காலேஜ்ல படிக்கான். ஆமா. படிக்கான்லா.

உங்கட்ட ஒண்ணு சொல்லல அண்ணாச்சி. மறந்துட்டேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். அன்னிக்கு "இந்தக் கைதான்"னு நான் கத்தியால அவனக் காட்டினேன்லா, எல்லாரும் திரும்பி அவன் கையப் பாத்தாங்க. அவன் இட்லியப் பிட்டுட்டு இருந்தான். அப்படியே விட்டுட்டு, கைய மெதுவா எடுத்து, மேசைக்கு அடியில கொண்டு போயிட்டான். சட்னி ஒட்டுன கை. அத மடியில வச்சுக்கிட்டு தட்டையே பாத்துட்டு இருந்தான். நான் பாத்தேன் அண்ணாச்சி. மேலேருந்து பாக்கும்போது நல்லாத் தெரியும்லா. பாத்தேன், பாத்துட்டும் நிறுத்தல. அந்தக் கை உள்ள போகப் போக எனக்குக் குரலு ஏறிச்சு.

கை தட்டல் அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

உப்புத்தாள வச்சு என்னத்தத் தேச்சேன் நான்?

தோவாளை வந்துட்டா? பூ வாடை அடிக்கு. இன்னும் கொஞ்ச தூரந்தான். எறங்கிரவா இங்கனயே? எறங்கித் திரும்பிப் போயிரவா? கத்திய பார்சல்ல போட்டுரலாம். அவன் அதத்தானே சொன்னான். "வராத"ன்னான். நான் அதக் கோவம்னேன். கோவம் இல்ல அண்ணாச்சி, அது பயம். என்னைய நெனச்சுப் பயம். வார்டனுக்குப் பயப்படுதான்னு மூணு வருசம் நெனச்சேன். அவன் பயந்தது என்னைய மாதிரி ஆளுக்கு, நான் இவ்வளவு பக்கத்துல கட்டில் போட்டுப் படுத்துக் கெடந்திருக்கேன்.

அவன் பேரச் சொல்லிட்டேன்லா உங்கட்ட? முழுப் பேரு. அவங்க அப்பா ஊரும். நான் சத்தமாவா பேசிட்டு வந்தேன்? எனக்கு மெதுவாப் பேச வராது. முன்னாடி சீட்டு அக்கா வள்ளியூர்லேருந்து திரும்பவே இல்ல. கேட்டுட்டுத்தான் வாராவ. கண்டக்டர் ரெண்டு தடவ சில்லற குடுக்க வந்தவரு நின்னு கேட்டுட்டுப் போனாரு. இவங்கள்ல பாதிப் பேரு நாகர்கோவில்காரங்கதானே. கோர்ட்டுக்குப் போறவங்க எத்தன பேரோ. பஸ்ஸு பூராச் சொல்லிட்டேன். ஒரு பெஞ்சு கெடைச்சிரக் கூடாது எனக்கு, எங்க கெடைச்சாலும்.

வடசேரி பஸ் ஸ்டாண்டு. வந்துட்டு.

அண்ணாச்சி… அந்தத் தூணுப் பக்கம் பாருங்க. இல்ல, பாக்காதீய. வெள்ளச் சட்டை, கையில ஃபைலு. அவன்தான். எந்த பஸ்ஸுன்னு கேட்டான்லா, ஆபீஸுக்கு நான் போயிரக் கூடாதுன்னு இங்கனயே வந்து நிக்கான். எவ்வளவு நேரமா நிக்கானோ, சட்டை பூரா வேர்வை. தாடி வளத்துட்டான். கழுத்து வரைக்கும். கத்திய என்ட்ட விட்டுட்டுப் போனதுலேருந்து எடுக்கலையோ என்னமோ. அவன் ஒருநாளும் தாடியோட இருந்ததில்ல அண்ணாச்சி.

ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வாரான். நான் யாரு கூடயாவது பேசிட்டு வாரேனான்னு பாக்கான்.

கத்திய பைக்கு அடியில போட்டுட்டேன். துணிக்குள்ள. வெளிய எடுக்கமாட்டேன். ஒண்ணும் பேசமாட்டேன். என்ன பேசணும்னே தெரியல, அது மொத தடவ எனக்கு. இந்த மூஞ்சிய மட்டும் எங்க வைக்கதுன்னு தெரியல.

நீங்க மொதல்ல எறங்குங்க அண்ணாச்சி. என் கூட எறங்காண்டாம். அவனத் தாண்டித்தான் போகணும் நீங்க. அவன் பக்கம் திரும்பாதீய. தெரிஞ்ச ஆளப் பாத்த மாதிரி சிரிச்சிராதீய.